ராசா ஆர்?

ஹார்ஸ்பி, லிங்கன்ஷயர்
21 செப்ரெம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் றெஜினாவும் சுகம். அத்தானின் சீனி வருத்தம் எப்படி? மருமகன் ஜெனிஸ்ரன் புது வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டானா? இதையெல்லாம் ரெலிபோனிலும் கேட்கலாம். ஆனால் ரெலிபோனில் நீங்கள் என்னைக் கதைக்க விடமாட்டீர்கள். அதனால்தான் மனதில் ஏதும் இருந்தால் கடிதம் எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் நத்தாருக்கு மறுநாள் ஆடும் நாடகத்தைப் பற்றி முன்பே சொல்லியிருக்கிறேன். மதுக்கடை வாசலில் புனித ஜோர்ஜ் வருவார். துருக்கி வீரன் வருவான். இரண்டு பேரும் மரவாளால் சண்டை பிடிப்பார்கள். துருக்கி வீரன் செத்து விழுவான். டொக்டர் வந்து போத்தலில் இருந்து மருந்து ஊற்ற அவன் எழும்புவான். இருபது நிமிட விளையாட்டு. பன்னிரண்டு வருடமாகத் துருக்கி வீரன் நான்தான். முன்பு அந்தப் பாத்திரத்துக்கு முகத்தில் கரி பூசுவார்களாம். என்னை முதன்முதலாகக் கேட்ட வருடம், "உனக்குக் கரிச் செலவு இல்லை" என்று நாடகக் குழுவை நடத்தும் அலன் சொல்லிச் சிரித்தான். நானும் சேர்ந்து சிரித்தேன். அது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

எனக்கு இந்த விளையாட்டு ஏன் பிடித்தது தெரியுமா? ஒவ்வொருவனும் வட்டத்துக்குள் வந்து நின்று, "உள்ளே வந்தேன் நான், இன்னார் நான்" என்று தன்னைத் தானே சொல்லவேண்டும். எங்கள் கூத்தில் வரவுப் பாட்டு பாடுவது போலத்தான்.

இந்த முறை ஜோர்ஜாக வருகிற பீற்றருக்கு முழங்கால் சத்திரசிகிச்சை. "சைமனுக்கு எல்லா வரியும் பாடம், அவனே ஜோர்ஜாக வரட்டும்" என்று அவர் கூட்டத்தில் என்னைக் காட்டிச் சொன்னார். ஒருவரும் மறுக்கவில்லை. ஒருவரும் ஓம் என்றும் சொல்லவில்லை. எல்லாரும் தங்கள் கிளாசைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போன மாதத்தில் இருந்து எங்கள் தெரு விளக்குக் கம்பங்களில் எல்லாம் வெள்ளையில் சிவப்புச் சிலுவை போட்ட இங்கிலாந்துக் கொடி கட்டியிருக்கிறார்கள். நான் பஸ் ஓட்டிப்போகும்போது எண்ணினேன், நாற்பத்தொன்று.

ஐம்பத்தேழு வயதில் ஒரு வேஷத்துக்கு ஆசைப்படுவது வெட்கமாக இருக்கிறது. ஆனால் ஆசையாக இருக்கிறது, அக்கா.

அன்புத் தம்பி,
சீமோன்

*

மிசிசாகா
15 ஒக்ரோபர் 2025

அன்பின் தம்பி சீமோன்,

ஆண்டவர் கிருபையால் நாங்கள் எல்லாரும் சுகம். உன் கடிதம் தபால்காரர் பகிஷ்கரிப்பில் மாட்டிப் பிந்தித்தான் கிடைத்தது. அத்தானின் சீனி அவருடைய வாயைப் போலத்தான், கட்டுக்குள் இல்லை. ஜெனிஸ்ரன் வேலைக்குப் போகிறான், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஒபிஸ்.

உன் கடிதத்தைப் படித்து எனக்கு இரத்தம் கொதித்தது. கிளாசைப் பார்த்தார்களாமே! புனித ஜோர்ஜ் என்ன லிங்கன்ஷயரிலா பிறந்தவர்? கிழக்கில் இருந்து போன மனிசன். கோயிலில் எங்களுக்கு அப்படித்தானே படிப்பித்தவை. அவர் இன்றைக்கு அந்தத் தெருவால் நடந்துபோனால் உன்னைவிட அவரைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். பன்னிரண்டு வருடம் அவர்களுக்காகக் குளிர் நிலத்தில் செத்து விழுந்தாய். ஒருநாள் நின்று வெல்ல விடமாட்டார்களாமா? நீ வெட்கப்படாதே. வெட்கப்பட வேண்டியது அவர்கள்.

இங்கே ஒரு சந்தோஷச் செய்தி. எங்கள் கோயில் பங்கின் இருபத்தைந்தாம் ஆண்டுக்கு நாட்டுக்கூத்து போடுகிறோம். எங்கள் ஐயா ஊரில் பழக்கிய அதே அரசன் கூத்து. அத்தான் தலைவர், நான் செயலாளர். கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் அல்பேட் அண்ணை. போன சனிக்கிழமை பள்ளிக்கூட மண்டபத்தில் குரல் பார்த்தோம். ரெக்ஸ்டேலில் இருந்து யூட்சன் என்று ஒரு பெடியன் வந்தான், மின்சார வேலை செய்கிறவன். வாய் திறந்ததும் அல்பேட் அண்ணை தாளத்தைக் கீழே வைத்துவிட்டு, "உவன்தான் ராசா" என்றார். எனக்கு மயிர் கூச்செறிந்தது. ஐயாவின் பாட்டு இன்னும் உயிரோடு இருக்கிறது, தம்பி.

றெஜினாவுக்கு என் அன்பு. மாதா உங்களைக் காக்கட்டும்.

அன்புடன் அக்கா,
யூஜினி

*

ஹார்ஸ்பி
27 ஒக்ரோபர் 2025

அன்புள்ள அக்கா,

சுகம். இங்கே மழை. அத்தானைச் சோற்றைக் குறைக்கச் சொல்லுங்கள்.

குழுவிடம் இருந்து கடிதம் வந்துவிட்டது. ஒரே தெருவில் இருந்துகொண்டு கடிதம் எழுதியிருக்கிறார்கள். அலன் நேற்று என் பஸ்ஸில்தான் வந்தான், முகத்தைக் குனிந்துகொண்டு காசைப் போட்டான். உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்:

"இத்தனை வருடங்களாகத் தாங்கள் ஆற்றிய பங்களிப்பை மிகவும் மதிக்கிறோம். தங்கள் குரல் எங்கள் நாடகத்தின் சொத்து. எனினும் ஒரு மரபுக்கு ஒரு உருவம் உண்டு. பார்க்க வருகிறவர்களின் மனதில் பதிந்துள்ள அந்த உருவத்தை மாற்றுவது எவருக்கும் நன்மை தராது என்று குழு கருதுகிறது. இது தங்களைப் பற்றிய தீர்ப்பு அல்ல. தாங்கள் எல்லாராலும் நேசிக்கப்படும் பாத்திரத்தில் வழமைபோல் எங்களுடன் இருப்பீர்கள் என நம்புகிறோம்."

அழகான கடிதம். பிழை பிடிக்க ஒரு சொல்லும் இல்லை. என்னைப் பற்றி நல்லதை மட்டுமே எழுதியிருக்கிறார்கள். படித்து முடித்தபிறகு நான் குளியலறைக் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவர்களை அல்ல, நான் போய்ப் பார்த்ததை.

துருக்கி வீரனாக வருகிறேன் என்று பதில் போட்டுவிட்டேன். வேறு என்ன செய்வது? இந்த ஊரில்தான் இருக்கவேண்டும்.

அந்த யூட்சனைப் பற்றி இன்னும் எழுதுங்கள். அவன்தானே ராசா? யாருடைய மகன்?

தம்பி,
சீமோன்

*

மிசிசாகா
10 நவம்பர் 2025

அன்பின் தம்பி,

நாங்கள் சுகம், உங்கள் சுகத்துக்கு மன்றாடுகிறோம். முதல் பனி விழுந்துவிட்டது. கார் ஸ்ராட் எடுக்க அத்தான் படும் பாட்டைப் பார்த்தால் உனக்குச் சிரிப்பு வரும்.

அவர்களின் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். எவ்வளவு கெட்டித்தனம்! இனிப்புத் தடவிய கத்தி. மரபுக்கு உருவம் உண்டாம். நேரே "நீ கறுப்பு, வேண்டாம்" என்று சொல்கிறவனைக்கூடப் பொறுக்கலாம். இப்படி எழுதுகிறவர்கள் கோயிலுக்கும் போய் நற்கருணை எடுப்பார்களா? நீ ஏன் ஓம் என்று பதில் போட்டாய்? உனக்குச் சின்ன வயதில் இருந்தே முதுகெலும்பு குறைவு.

கூத்து நன்றாகப் போகிறது. செயலாளர் வேலை என்றால் சும்மா இல்லை. மண்டபம், சாப்பாடு, உடுப்பு, கடிதங்கள் எல்லாம் என் தலையில். எழுத நேரமில்லை. மார்கழிக் குளிருக்குள் நிலத்தில் படுக்கிறாய், உள்ளே தடித்த பனியன் போடு.

அன்புடன் அக்கா,
யூஜினி

*

நாட்டுக்கூத்து விழாக்குழு
14 நவம்பர் 2025

திரு. இ. யூட்சன் அவர்கட்கு,

இறை ஆசீர் தங்களோடும் தங்கள் குடும்பத்தாரோடும் இருப்பதாக.

குரல் தேர்வில் தாங்கள் பங்குபற்றியதை மிகவும் மதிக்கிறோம். தங்கள் குரல் எமது பங்கின் சொத்து. எனினும் ஒரு மரபுக்கு ஒரு உருவம் உண்டு. பார்க்க வருகிறவர்களின் மனதில் பதிந்துள்ள அந்த உருவத்தை மாற்றுவது எவருக்கும் நன்மை தராது என்று குழு கருதுகிறது. இது தங்களைப் பற்றிய தீர்ப்பு அல்ல. கட்டியகாரன் பாத்திரத்தில், அல்லது திரைக்குப் பின்னால் பிற்பாட்டில், தாங்கள் எங்களுடன் இருப்பீர்கள் என நம்புகிறோம்.

இப்படிக்கு,
யூஜினி மாக்கஸ்
செயலாளர்

*

ஹார்ஸ்பி
30 டிசெம்பர் 2025

அன்புள்ள அக்கா,

நத்தார், புதுவருட வாழ்த்துகள். உங்கள் கார்ட் கிடைத்தது. தடிமன் பிடித்துப் படுக்கையில் இருந்து எழுதுகிறேன். பனியன் போட்டுத்தான் போனேன்.

நடந்ததை வேறு யாருக்கும் சொல்ல வெட்கம். புது ஜோர்ஜ் அலனின் மருமகன், நொட்டிங்ஹாமில் இருந்து வந்தவன், இருபத்துநாலு வயது. இரண்டு கிழமைக்கு முந்தித்தான் வரிகளைக் கையில் எடுத்தான். உள்ளங்கையில் எழுதி வைத்துப் பார்த்துப் பார்த்துச் சொன்னான். நல்ல பெடியன், அவனில் கோபம் இல்லை. சண்டை பிடித்தோம். நான் விழுந்தேன். பள்ளிக்கூட மோரீன் ரீச்சர்தான் டொக்டர் வேஷம். போத்தலில் இருந்து குளிர்ந்த தேத்தண்ணியை என் வாயில் ஊற்றி, "எழும்பு, திரும்பவும் சண்டை பிடி" என்றா.

நான் எழும்பவில்லை.

திட்டம் போட்டுச் செய்யவில்லை, அக்கா. உடம்பு எழும்ப மாட்டேன் என்றது. இரண்டாம் தரம் ஊற்றினா. சனம் சிரித்தது. மூன்றாம் தரம் ஊற்றினா. சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு சின்னப் பிள்ளை அழத் தொடங்கியது. யாரோ வந்து என் கையில் நாடி பிடித்துப் பார்த்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடந்தேன். ஆறு நிமிடம் என்று றெஜினா சொல்கிறாள். கடைசியில் பீற்றர் ஊன்றுகோலோடு வந்து என் காதுக்குள், "சைமன், எனக்கு முழங்கால் வலிக்குது. கனநேரம் குனிஞ்சு நிக்கேலாது. எழும்படா" என்றார். எழும்பினேன். ஒருவரையும் பார்க்காமல் துருக்கி உடுப்போடேயே வீட்டுக்கு நடந்தேன். அந்தப் பிள்ளையை அழவைத்தது மனதை அரிக்கிறது.

முந்திக் கேட்டதுக்கு நீங்கள் பதில் எழுதவில்லை. ராசா ஆர்? யூட்சன் என்ன சொல்கிறான்? அவனுடைய குரலைப் பற்றி எழுதினால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

தம்பி,
சீமோன்

*

மிசிசாகா
25 ஜனவரி 2026

அன்பின் தம்பி,

நாங்கள் சுகம். உன் தடிமன் மாறிவிட்டதா? கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் குடி. பகிஷ்கரிப்பினால் உன் கடிதம் பிந்திவிட்டது.

ஏன்டா அப்படிச் செய்தாய்? சனத்துக்கு முன்னால் சத்தமில்லாமல் கிடந்து என்ன கண்டாய்? கோபம் என்றால் வாயால் சொல்லவேண்டும். அல்லது விட்டுவிடவேண்டும். நான்கு பேரோடு வாழும்போது எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். சில விஷயங்களில் குழுவுக்கும் குழுவின் கஷ்டம் இருக்கும். எல்லாரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு போவது லேசான காரியம் இல்லை.

கூத்து வருகிற ஏழாம் திகதி. ஜெனிஸ்ரனும் நடிக்கிறான். தமிழை இங்கிலிஸ் எழுத்தில் எழுதிப் பாடமாக்குகிறான். பாவம், வேலையால் வந்து இரவு இரவாகப் படிக்கிறான்.

வேறு விசேஷம் இல்லை.

அக்கா,
யூஜினி

*

ஹார்ஸ்பி
17 பெப்ரவரி 2026

அன்புள்ள அக்கா,

சுகம். நாளை விபூதிப் புதன். பகிஷ்கரிப்பு முடிந்து எவ்வளவோ காலம் என்று செய்தியில் பார்த்தேன். அதை விடுவோம்.

உங்கள் பங்கு கூத்தை யூரியூப்பில் போட்டிருந்தது. பார்த்தேன். ஜெனிஸ்ரன் ராசா முடியோடு வடிவாக நின்றான். என் மருமகன், கண் கலங்கியது உண்மை. ஆனால் வரவுப் பாட்டில் இரண்டு இடத்தில் நின்று போனில் பார்த்தான். எங்கள் ஜோர்ஜின் உள்ளங்கை எனக்கு ஞாபகம் வந்தது. மேடையில் நின்ற எல்லா முகத்தையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். யூட்சன் யார் என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் தேடினேன். முகங்களில் ஒன்றும் பிடிபடவில்லை. நீங்கள் எழுதிய மாதிரி ஒரு குரல் பிற்பாட்டிலும் கேட்கவில்லை.

பிறகு விழாமலரைக் கணினியில் பார்த்தேன். குரல் தேர்வுக்கு வந்தவர்களின் பட்டியலில் "இ. யூட்சன்" என்று இருந்தது. ரெக்ஸ்டேலில் இருக்கும் இக்னேசியசின் மகனா, அக்கா?

நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நான் பதினேழு வயதில் ஐயாவின் கூத்தில் ராசாவாக வந்தேன். அந்தப் பாட்டை எனக்குச் சொல்லித் தந்தது ஐயா இல்லை. இக்னேசியஸ்தான். கடற்கரையில் வலை காயப்போட்டிருக்கும் இடத்தில் வைத்து, மூச்சு எங்கே விடுவது, எங்கே பிடிப்பது என்று ஒவ்வொரு அடியாகச் சொல்லித் தந்தான். அவனுக்குத்தான் ராசா என்று நாங்கள் இருவருமே நினைத்திருந்தோம். ஐயா அவனுக்குக் கட்டியகாரன் கொடுத்தார். அவன் வரவில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. முடியை வைத்துக்கொண்டு ஆடினேன். எல்லாரும் கைதட்டினார்கள்.

போன ஞாயிறு பீற்றரும் மோரீன் ரீச்சரும் வீட்டுக்கு வந்தார்கள். ஜோர்ஜின் சட்டையை மேசையில் வைத்தார் பீற்றர். "இது குழுவின் சட்டை இல்லை, என் மனிசி தைச்சது. நான் விரும்பின ஆளுக்குக் குடுப்பன்" என்றார். ஏப்ரல் இருபத்துமூன்று, ஜோர்ஜின் திருநாளில், பள்ளிக்கூட முற்றத்தில் ஆடவேண்டுமாம். சட்டை கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

முந்தி இரண்டு தரம் கேட்டேன். இப்போது யார் முடி வைத்தது என்று கண்ணால் பார்த்துவிட்டேன். ஆனாலும் நீங்கள்தான் சொல்லவேண்டும். ராசா ஆர்?

தம்பி,
சீமோன்

*

மிசிசாகா
28 மார்ச் 2026

சீமோன்,

சுகம் விசாரித்து எழுத எனக்கு முகம் இல்லை. ஐந்து தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். இதை அத்தானுக்குக் காட்டவில்லை.

ராசா ஜெனிஸ்ரன். அவனை ராசா ஆக்கியது நான்.

யூட்சன் இக்னேசியசின் மகன்தான். அவன் பாடின அடுத்த கிழமையே இரண்டு குடும்பம் அத்தானுக்கு ரெலிபோன் எடுத்தது. அவன் ராசா என்றால் எங்கள் பிள்ளைகள் மந்திரியாக நின்று அவனைக் கும்பிடவேண்டி வருமே, எங்கள் பிள்ளைகளை நிற்பாட்டுகிறோம் என்றார்கள். சாதி என்ற சொல்லை ஒருவரும் சொல்லவில்லை. "அந்தப் பக்கத்து ஆக்கள்" என்றுகூடச் சொல்லவில்லை. "உங்களுக்குத் தெரியும்தானே" என்றார்கள். எங்களுக்குத் தெரியும். கனடாவுக்கு வந்து முப்பத்தேழு வருடத்தில் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லைச் சொல்லியே கொடுக்கவில்லை என்று எனக்குப் பெருமை இருந்தது. சொல்லாமலே நடத்தத் தெரிந்திருந்தது.

குழுவில் அல்பேட் அண்ணை மட்டும், "குரலைப் பாருங்கோ, வேறை ஒண்டையும் பாக்காதேங்கோ" என்று கத்தினார். மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள், ஏனென்றால் ஐயாவின் மகள் நான். நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் அவனே ராசா. நான் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிளாசைப் பார்த்தார்கள் என்று உன் ஆட்களைத் திட்டினேனே, அதேதான். பிறகு யாரோ ஜெனிஸ்ரனின் பெயரைச் சொன்னார்கள். என் பிள்ளை முடியோடு நிற்பதை நினைத்துப் பார்த்தேன். ஆசைப்பட்டேன். ஒருவரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, தம்பி.

இதைவிட ஒன்று இருக்கிறது. யூட்சனுக்குக் கடிதம் எழுதச் சொன்னார்கள். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மனம் நோகாமல், பிழை பிடிக்க இடமில்லாமல் எழுதவேண்டும். மேசையில் உன் கடிதம் கிடந்தது. அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுதினேன். நீ எனக்காகத் தமிழில் எழுதின அந்த வரிகளை அப்படியே போட்டேன். துருக்கி வீரன் இருந்த இடத்தில் கட்டியகாரன். பிரதி இத்துடன் இருக்கிறது. எழுதும்போது நல்ல வசனங்கள் என்று நினைத்தேன். அதற்கு நாலு நாள் முந்தித்தான் அவர்களைத் திட்டி உனக்கு எழுதியிருந்தேன்.

ஐயா அவனுடைய தகப்பனுக்குக் கொடுத்ததும் அதே பாத்திரம் என்பது எழுதும்போது எனக்குத் தெரியும். மறந்துவிட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன்.

எண்பத்தொன்பதில் நாங்கள் சென் ஜேம்ஸ் ரவுணில் வீடு எடுத்தபோது லிஃப்ற் வேலை செய்யவில்லை. மெத்தையைப் பதினோராம் மாடிக்குத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தது இக்னேசியஸ். ஒரு மாதம் அவன் வீட்டுச் சோறு சாப்பிட்டோம். நான் வெட்கத்தால் சாகிறேன், சீமோன். கோயிலில் பக்கத்து ஆளுக்குச் சமாதானம் சொல்லும் நேரம் கை நீட்ட முடியவில்லை.

நீ எழுதாவிட்டால் நான் கோபிக்கமாட்டேன்.

யூஜினி

*

ஹார்ஸ்பி
20 ஏப்ரல் 2026

அக்கா,

உங்கள் கடிதம் வந்து பன்னிரண்டு நாள். அலனுடைய குழு எழுதியதைத் தமிழில் எழுதும்போது, நல்ல சொற்களாகத் தேடித் தேடிப் போட்டேன். உங்களுக்கு அது விளங்கவேண்டும் என்று. அந்தச் சொற்கள் என்னுடையவை. அவை ரெக்ஸ்டேலில் ஒரு பெடியனின் கைக்குப் போயிருக்கின்றன. மூன்று நாள் பஸ் ஓட்டமுடியவில்லை, சுகமில்லை என்று லீவு போட்டேன்.

உங்களைத் திட்ட எழுதத் தொடங்கினேன். முடியவில்லை. நாற்பது வருடத்துக்கு முந்தி முடி வைத்தவன் நான்.

இருபத்துமூன்றாம் திகதிக்கு என்னால் முடியாது என்று பீற்றருக்குச் சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார். எனக்கு இங்கிலிஸில் சொல்லத் தெரியவில்லை. சொன்னாலும், தன் ஆட்களுக்கு மட்டும்தான் இப்படிப் புத்தி என்று நினைத்து வெட்கப்படுகிற மனிசனுக்கு அது ஒரு ஆறுதலாகப் போய்விடும். அதை அவருக்குக் கொடுக்க விருப்பமில்லை.

இக்னேசியசுக்கு எழுதியிருக்கிறேன். நடந்தது எல்லாம், நான் எழும்பாமல் கிடந்தது உட்பட. உங்களைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அதை நீங்கள்தான் நேரில் போய்ச் சொல்லவேண்டும். கடிதம் எழுதவேண்டாம், அக்கா. நடந்து போங்கள்.

சீமோன்

*

மிசிசாகா
17 மே 2026

அன்பின் தம்பி,

நாங்கள் இருக்கிறோம். நீயும் றெஜினாவும் சுகமா?

நேற்று போனேன். அத்தான் வரமாட்டேன் என்றார். ஜெனிஸ்ரனுக்கு எல்லாவற்றையும் சொன்னேன், சாதி என்ற சொல்லையும் சேர்த்து. முதலில் அவனுக்கு நான் சொல்வது விளங்கவில்லை. விளங்கின பிறகு என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. கார் ஓட்டிக்கொண்டு வந்தான். ஆனால் உள்ளே வரவில்லை. "இற்ஸ் யுவர் திங், அம்மா. நான் பிறகு தனியப் போய்க் கதைக்கிறன்" என்றான்.

இக்னேசியஸ் நன்றாக மெலிந்துவிட்டான். என்னைக் கண்டதும் எழும்பிக் கதிரையைத் துடைத்துவிட்டான். நான் இருக்கவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். உன்னிடம் சொன்ன மாதிரியே, ரெலிபோன் வந்தது, நான் வாய் திறக்காதது, என் பிள்ளைமேல் ஆசை, உன் கடிதத்தைப் பார்த்து எழுதினது, எல்லாம். அழக்கூடாது என்று நினைத்துப் போனேன். அழுதேன். இக்னேசியசின் மனிசி உள்ளே போய்விட்டா.

அவன் திரும்பப் போய் இருந்தான். பிறகு, "உங்கட ஐயா எனக்குக் கடிதம் ஒண்டும் தரேல்லை. ராசா வேற ஆள் எண்டு ஆக்கள் சொல்லித்தான் கேள்விப்பட்டனான். நீங்கள் பெடியனுக்குக் கடிதமாவது தந்திருக்கிறியள்" என்றான். நக்கலாகச் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னான். அதுதான் எனக்கு இன்னும் காதுக்குள் நிற்கிறது.

உன்னைப் பற்றியும் கேட்டான். "சீமோன் எழுதினவன். அந்தச் சட்டையை ஏன் போடேல்லை? அவன் போடாமல் விட்டால் எனக்கென்ன ராசா உடுப்பே வரப்போகுது? விசரன். ஆறு நிமிசம் கிடந்ததுக்கே தடிமன் பிடிச்சிட்டுதாம்." அப்போது மட்டும் கொஞ்சம் சிரித்தான். நீ போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி. உனக்குப் புத்தி சொல்லும் தகுதி இனி எனக்கு இல்லை.

யூட்சன் முழுநேரமும் குசினி வாசலில் நின்றான். வேலை உடுப்போடு, கையைக் கட்டிக்கொண்டு. நான் அவனிடம் போய், "மன்னிச்சுக்கொள்ளு, தம்பி. அடுத்த வருசம் நீதான் ராசா, இல்லாட்டிக் கூத்தே இல்லை, நான் விடமாட்டன்" என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாகக் கேட்கிறது என்று விளங்கியது. இருந்தும் சொல்லி முடித்தேன்.

அவன் கோபப்படவில்லை. அறைக்குள் போய் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்தான். மடிப்புக் கலையாமல் கவருக்குள்ளேயே வைத்திருந்தான். என் கையில் தந்தான்.

"நீங்களே வைச்சிருங்கோ, அன்ரி," என்றான். "நெக்ஸ்ற் ரைம் ஆருக்கும் எழுதத் தேவைப்படும்."

அக்கா,
யூஜினி